தொங்கவிட்டு முறுக்கிய ஜீப்பு

கவிதாவுக்கும் பிரேமுக்கும் அப்பா எழுதுவது.

கவிதா, போன சனிக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை நான் நான்கு முறை கேட்டேன். "அப்பா, புதுசா வாங்குன அந்தப் பழைய ஃபோர் வீல் காடி குதிக்குதுப்பா. மந்தின் ரோட்டுல ஒரு சின்னப் பள்ளந்தான், என் தலை மேல போய் முட்டிருச்சு. ஒர்க்‌ஷாப்காரன் நாலு ஸ்பிரிங்கையும் மாத்தணும்னு சொல்றான் லா. மாத்தவா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." நீ பேசியதைவிட, பின்னால் உன் காடி போட்ட சத்தத்தைத்தான் நான் கூர்ந்து கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னித்துக்கொள். உன் தலை வலிக்காகச் சிரிக்கவில்லை.

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் கடைக்குப் போய் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி வந்தேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பிரேம் திருத்தட்டும், ஆனால் விஷயத்தைத் திருத்தக் கூடாது.

இந்தக் கதை உங்களுக்குப் பாதி தெரியும். தோட்டத்து ஜீப்பு கெட்டுப்போனது, சவரிமுத்து அண்ணன் சரிசெய்தார், கவிதா பிறந்தாள். இப்படித்தான் எப்போதும் சொல்லியிருக்கிறேன். நடுவில் ஒரு துண்டை ஒவ்வொரு முறையும் விழுங்கிவிடுவேன். இந்த முறை அதுவும் வரும்.

லிங்கி பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டம். இருபத்து மூன்று வயதுவரை நான் குலை வெட்டினேன். பிறகு ஒர்க்‌ஷாப்பில் ஆள் தேவை என்றார்கள், போனேன். முதல் வருடம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். இரண்டாம் வருடம் டயர் கழற்றினேன். மூன்றாம் வருடம்தான் காடிக்கு அடியில் படுக்க அனுமதி கிடைத்தது. படுத்த முதல் நாளே என் கண்ணில் எண்ணெய் சொட்டியது. என் படிப்பு அவ்வளவுதான்.

போர்மேன் சவரிமுத்து அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். எண்ணெய்க் கறைக்கு நடுவிலும் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, பைக்குள் பேனா குத்தி, ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசைக்குப் போகிறவர் மாதிரியே திங்கட்கிழமையும் வருவார். காடி எதுவும் பழுதென்று வந்தால் முதலில் ஸ்பானரைத் தொட மாட்டார், யாரையும் தொட விடமாட்டார். எதிர் ஒட்டுக்கடையிலிருந்து பால் ஊற்றாத ஒரு கோப்பி-ஓ வரவேண்டும். குவளையில் வரக் கூடாது. பிளாஸ்டிக் பையில், வாய் கட்டி, கயிற்றுக் காது வைத்து, உறிஞ்சு குழாய் செருகி வரவேண்டும். அந்தப் பையைக் காடியின் பின் பார்க்கும் கண்ணாடியில் மாட்டுவார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "போலாம்" என்பார்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஸ்டோர், ஸ்டோரிலிருந்து மரப்பாலம், பாலம் தாண்டி கால்வாய் மேடு, கோயில் வளைவில் திரும்பி மறுபடி ஒர்க்‌ஷாப். அவர் எதிரே ஓடும் சடக்கைப் பார்க்க மாட்டார். பையைத்தான் பார்ப்பார். கோப்பி மேல்மட்டம் சிலுசிலுவென்று நடுங்கினால் டயர். பள்ளம் தாண்டிய பிறகும் பை ஆடிக்கொண்டே வந்தால், ஆட்டத்தை அடக்க வேண்டிய அப்சோபர். ஆடாமல், நடுங்காமல், பை ஒரே உதையாகக் கூரைக்கு எகிறி விழுந்தால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யவில்லை.

திரும்பி வந்ததும் காடிக்குள் இருந்த எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்பார்.

"பல்லா, வயிறா, முதுகா?"

அதாவது எங்கே உறைத்தது என்று. பல் கிடுகிடுத்ததா, வயிறு மிதந்ததா, முதுகில் இடி விழுந்ததா. பல் என்றால் டயர், வயிறு என்றால் அப்சோபர், முதுகு என்றால் ஸ்பிரிங். உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்ன துரை ஒருவர், நம் ஆள்தான், தன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, "எல்லா ஸ்பிரிங்கும் உடைஞ்சிருச்சு, ஆர்டர் போடுங்க" என்று ஒரே சத்தம். அண்ணன் பையை மாட்டி ஒரு சுற்றுப் போய்வந்து, "பல்லா, வயிறா, முதுகா சார்?" என்றார். சின்ன துரைக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் நாக்கால் வாய்க்குள் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லு" என்றார். லாரிக்கு அடிக்கிற காற்றை யாரோ ஜீப்புக்கு அடித்திருந்தார்கள். நான்கு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டோம். முடிந்தது. அண்ணனின் கோப்பி அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

அவருக்கு இன்னொரு வழக்கம். ஒர்க்‌ஷாப் மூலையில் ஆறு மணல் மூட்டை அடுக்கி வைத்திருப்பார். காடியைக் காலியாக ஒரு முறை, மூட்டை ஏற்றி ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார். பாரம் சுமக்கவென்று செய்த ஸ்பிரிங் காலியாகப் போனால் முறைத்துக்கொண்டுதான் போகும், அதைப் பழுது என்று எழுதக் கூடாது என்பார். இந்த மணல் மூட்டையை மறந்துவிடாதீர்கள். கடைசியில் வரும்.

இப்போது டிரசர் ஜீப்பு.

தோட்டத்துக் கிளினிக்கை நடத்திய டிரசர் ஐயாவுக்கு ஒரு ஜீப்பு இருந்தது. பின்னால் நீளமாக மெத்தை போட்டிருக்கும். தோட்டத்திலிருந்து தார்ச் சடக்குக்கு ஆறு மைல் செம்மண் பாதை, அங்கிருந்து போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரி. நோயாளியோ பிள்ளைத்தாய்ச்சியோ, அதில்தான் போயாக வேண்டும். வேறு காடி கிடையாது. அந்த ஜீப்பின் பின் ஸ்பிரிங்குகளைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இடங்களில் ரப்பர் புஷ் தேய்ந்து, மேடு ஏறும்போதெல்லாம் டக் டக் என்று தட்டியது. புதுப் புஷ் வந்து சேர்ந்தது. வந்த வாரம் பார்த்து, தம்பின் பக்கத்துத் தோட்டத்துப் போர்மேனுக்கு உடம்பு முடியாமல் போய், அண்ணனை அங்கே ஒரு மாதத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒர்க்‌ஷாப் என் பொறுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பைக்குள் பேனா குத்திக்கொண்டேன்.

ஜீப்பின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்து, சக்கரங்களைத் தொங்கவிட்டு வேலையை ஆரம்பித்தேன். பழைய ரப்பரைத் தட்டி எடுத்தேன். ஸ்பிரிங் பட்டைகளைத் துரு போகத் தேய்த்தேன். புது ரப்பரை ஏற்றினேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நட்டு, மொத்தம் ஆறு. இந்த வேலையில் அண்ணனுக்கு ஒரு சட்டம் உண்டு. ஜீப்பு தொங்கும்போது நட்டை விரலால் மட்டும் ஏற்ற வேண்டும். பிறகு தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அதன் பாரம் அதன் காலில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. ரப்பர் எந்த நிலையில் பிடிக்கப்படுகிறதோ அந்த நிலையைத்தான் அது தன் வீடு என்று நினைத்துக்கொள்ளும். தொங்கும்போது முறுக்கிவிட்டால், ஜீப்பு தரையில் நிற்கிற நேரமெல்லாம் அது முறுக்கிக்கொண்டே, மேலே தள்ளிக்கொண்டே, ஸ்பிரிங்கை ஆடவிடாமல் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். பத்து முறை செய்திருக்கிறேன்.

ஆனால் அன்று ஆயுத பூஜை.

நம் ஒர்க்‌ஷாப் பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்பானர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வாழை இலையில் நம்பர் வரிசையாக அடுக்குவோம். சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டால் மறுநாள் காலைவரை ஒரு சாமானையும் தொடக் கூடாது. காடிகளுக்கெல்லாம் மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அன்று பூசாரி ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டார். வந்தவர் வாழை இலையைப் பார்த்தார். பதினேழுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை.

"பத்தொம்போது எங்கப்பா?" என்றார்.

பத்தொன்பது என் கையில், ஜீப்புக்கு அடியில் இருந்தது.

"மாரி! பத்தொம்போது!" என்று டிரைவர் கோபால் கத்தினான். "சாமி காத்துக்கிட்டு நிக்குது. ஜாக்கியும் வேணுமாம், அதுவும் ஆயுதந்தானாம்!" ஆள்களை மேய்க்கும் மண்டோர் கத்தினார். கணக்கு எழுதும் கிராணி கத்தினார். சுண்டல் வாங்க வந்து நின்ற பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "பத்தொம்போது, பத்தொம்போது" என்று பாட்டாகவே பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

இறக்கிவிட்டு முறுக்க வேண்டும். நான் முறுக்கிவிட்டு இறக்கினேன். அவ்வளவுதான் தப்பு. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னாலும், பின்னால் செய்ய வேண்டியதை முன்னாலும் செய்தேன். குலை வெட்டிய தோளாயிற்றே, ஆறு நட்டையும் உயிரைக் கொடுத்து இறுக்கினேன். இறக்கினேன். ஒரு கையில் பத்தொன்பதும் மறு கையில் ஜாக்கியுமாக ஓடினேன். கைதட்டல் வேறு. அந்த அமளியில் என்ன செய்தேன் என்பதே என் மண்டையில் பதியவில்லை.

பக்தி அதிகமாகி இன்னொன்றும் செய்தேன். ஸ்பிரிங்குக்கும் நட்டுக்கும் அவசரமாகக் கறுப்புச் சாயம் அடித்து, அது காய்வதற்குள் ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மேலே மட்டும் பொட்டு வைத்தால் போதுமா, அடியில் இருந்து உழைக்கிறதுகளுக்கு வேண்டாமா என்று தோன்றியது. அதைச் சொல்லிப் பூசாரியிடம் பாராட்டும் வாங்கினேன்.

மறுநாள் காலையில் சாமான்களை எடுத்தோம். ஜீப்பு நிமிர்ந்து நின்றது. முன்பைவிட உயரமாகவே நின்றது. "பாத்தியா, புது ரப்பர் போட்டதும் எப்படி எகிறி நிக்குதுன்னு!" என்று கோபாலிடம் நானே காட்டினேன். பூஜை போட்ட காடி, பொட்டு வைத்த நட்டு. அதில் ஸ்பானரை வைக்கும் எண்ணமே எனக்கு வரவில்லை.

அப்போது உங்கள் அம்மாவுக்கு எட்டாம் மாதம். வாரத்துக்கு ஒரு முறை போர்ட்டிக்சனுக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும். பூஜைக்குப் பிறகு முதல் முறை போய்வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஏங்க, அது ஜீப்பா அம்மிக்கல்லா?"

"புது ரப்பர் சரசு. பழகிடும்."

"அது பழகுறதுக்குள்ள நான் பெத்துடுவேன் போலிருக்கே!"

அடுத்த வாரம் இன்னும் மோசம். கோபால் முட்டைக் கூடை ஏற்றினவன் மாதிரி ஊர்ந்துதான் போனானாம், அப்படியும் மெத்தையிலிருந்து இரண்டு முறை தூக்கிப் போட்டதாம். டிரசர் ஐயா நேராக ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார்.

"மாரி, இந்தம்மா இந்த மாதிரி குலுங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ஜீப்பு சரியாகலன்னா, மந்தினுக்கு மாமியார் வீட்டுக்கு அனுப்பிடு. அங்க நல்ல சடக்கு இருக்கு, ஆஸ்பத்திரி பக்கம். குழந்த பொறக்கிற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மந்தினுக்குப் போனால் ஞாயிறு ஒரு நாள்தான் நான் போய்ப் பார்க்க முடியும். என் முதல் பிள்ளை செவ்வாயிலோ புதனிலோ பிறந்தால், நான் ஏதாவது ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருப்பேன். உங்கள் பாட்டியோ அங்கே கட்டிலைக் கழுவிக் காயவைத்து, பத்தியச் சாமான் முழுக்க இடித்து வைத்து, பஸ் ஏறி வந்து கூட்டிப்போகவும் தயாராக இருந்தார்.

உங்கள் அம்மா, "நான் போகமாட்டேன். எங்கம்மா ஒரு மாசம் தலைக்கு ஊத்த விடமாட்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க வாசல்ல நிக்காம நான் பெத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். பிள்ளை இவருடைய சொல்லைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கும் என்கிற மாதிரி.

நான் சும்மா இருக்கவில்லை. டயரில் காற்றை இறக்கினேன். அப்சோபர் இரண்டையும் கழற்றிவிட்டு ஓட்டினேன், கல் கல்லாகவே இருந்தது. டவுனிலிருந்து ஸ்பிரிங் கடைக்காரர் ஒருவர் வந்து ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் செட்டையே மாத்தணும், வர மூணு வாரம் ஆகும்" என்றார். நீ சொன்னதைக் கேட்டு நான் ஏன் சிரித்தேன் என்று இப்போது புரிகிறதா கவிதா? எனக்கு இருந்ததோ நான்கு நாள். பேனாவை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை பசியாறும் நேரத்தில் சவரிமுத்து அண்ணன் தம்பினிலிருந்து திரும்பி வந்தார். தோள் பையைக்கூட அவர் கீழே வைக்கவில்லை, நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கோப்பி சொல்லு" என்றார்.

பை கோப்பி வந்தது. கண்ணாடியில் ஏறியது. கோபால் ஓட்டினான், அண்ணன் முன்னால், நான் பின்னால் உங்கள் அம்மா படுக்கும் மெத்தையில். மரப்பாலத்தில் பை எகிறிக் கூரையில் அடித்தது. நானும் அடித்தேன்.

"பல்லா, வயிறா, முதுகா?"

"முதுகுண்ணே. முழு முதுகு."

ஆறு மணல் மூட்டையையும் ஏற்றினோம். மறுபடி ஒரு சுற்று. பாரம் ஏற்றினால் கொஞ்சமாவது இளக வேண்டும். இளகவே இல்லை. அண்ணன் பையிலிருந்து ஒரு வாய் கோப்பி உறிஞ்சினார்.

அடுத்து சுண்ணாம்புக் கட்டி கேட்டார். ஸ்பிரிங் அளவுக்கு மேல் அமுங்கினால் அச்சு போய் மோதிக்கொள்ள சட்டத்தில் ஒரு ரப்பர் முட்டு இருக்கும். அச்சில் அது மோதும் இடத்தில் சுண்ணாம்பைக் கெட்டியாகத் தேய்த்தார். இன்னொரு சுற்று. கீழே குனிந்து அந்த ரப்பரைப் பார்த்தார். கறுப்பாகவே இருந்தது. ஒரு துளி வெள்ளை ஒட்டவில்லை.

"முட்டவே இல்ல" என்றார். "ஸ்பிரிங்கு நொந்து போயி இடிக்கல. எறங்கவே மாட்டேங்குது. யாரோ புடிச்சிக்கிட்டு இருக்காங்க."

அலமாரியிலிருந்து அவருடைய பழைய நோட்டு வெளியே வந்தது. தோட்டத்து ஒவ்வொரு காடியும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் நிற்கும் என்று அதில் எழுதி வைத்திருந்தார். மூட்டைகளை இறக்கிவிட்டு, அளவுநாடாவைச் சக்கர நடுவில் வைத்து மட்கார்டுவரை பிடித்தார். நோட்டில் இருந்ததைவிட முழுசாக ஓர் இஞ்ச் கூடுதல்.

நான் கொஞ்சம் பெருமையோடு, "புது ரப்பர்ண்ணே. எகிறி நிக்குது" என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரப்பரு எப்பலேர்ந்து மாரி ஜீப்பத் தூக்க ஆரம்பிச்சது?"

கோபால் களுக்கென்று சிரித்தான். எனக்கு அப்போதும் விஷயம் பிடிபடவில்லை.

அண்ணன் பேனாவை எடுத்து வைத்துவிட்டு, சட்டையோடு அடியில் நுழைந்தார். கைவிளக்கு அங்கும் இங்கும் ஆடியது. பிறகு ஓர் இடத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது.

"மாரி, இங்க வா."

நானும் நுழைந்தேன். இரண்டு பேரும் மல்லாந்து படுத்தபடி நட்டைப் பார்த்தோம். கறுப்புச் சாயத்தில் என் சந்தனப் பொட்டு. ஈரச் சாயத்தில் வைத்ததால் சேறும் மழையும் அதை ஒன்றும் செய்யவில்லை. பாதி நட்டிலும் பாதி தகட்டிலுமாக, வட்டமாக, அழகாகக் காய்ந்திருந்தது.

"யாரு வச்ச பொட்டு?"

"நான்தாண்ணே. பூஜைக்கு."

"நல்ல பொட்டு. கோணல் இல்ல." விளக்கை அடுத்த நட்டுக்கு நகர்த்தினார். "இதுவும் ஒடையல. அதுவும் ஒடையல. ஆறும் முழுசா இருக்கு. அப்ப பூஜைக்கப்புறம் இந்த நட்டுல ஸ்பானர் படல. சரியா?"

"சரிண்ணே."

"ஆனா இறுகியிருக்கு. அப்ப பூஜைக்கு முன்னாடியே முறுக்கியாச்சு. முறுக்குனப்ப ஜீப்பு எங்க நின்னுச்சு?"

எனக்குக் காதுக்குள் "பத்தொம்போது, பத்தொம்போது" என்று பிள்ளைகள் பாடுவது கேட்டது. உங்கள் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியது, டிரசர் ஐயா வந்தது, பாட்டி கட்டில் கழுவியது, எல்லாம் என் கையால் வந்தது.

"நிக்கலண்ணே," என்றேன். "தொங்கிச்சு."

அண்ணன் கைவிளக்கை நெஞ்சின் மேல் வைத்தார். ஜீப்பின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சத்தமில்லாமல் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வெளியே நின்ற கோபால் எங்கள் நான்கு கால்களையும் பார்த்துவிட்டு, "என்னண்ணே, உள்ள யாராச்சும் கிச்சுகிச்சு மூட்டுறாங்களா?" என்று கேட்டான்.

அண்ணன் கையை நீட்டினார். பத்தொன்பதைக் கொடுத்தேன். வாங்கியவர், நட்டில் வைக்கப் போய், நிறுத்தினார்.

"இல்ல. பூஜைப் பொட்டு. நான் ஒடைக்கிறது மரியாதை இல்ல. நீ ஒடை."

படுத்தபடியே கையைக் கூப்பி, சாமியிடமும் என் பிள்ளையிடமும் சேர்த்து ஒரு மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஸ்பானரை மாட்டி இழுத்தேன். பொட்டு நடுவில் விரிந்தது. நட்டு ஒரு சுற்று இளகியதும் க்ர்ரீக் என்று ஒரு முனகல். இரண்டாவது, மூன்றாவது. ஆறாவது நட்டு இளகியபோது ஜீப்பு ஒரு பெருமூச்சு விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், விட்டது. கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்ற பெண் நாற்காலி கிடைத்ததும் உட்காருவாளே, அப்படி எங்கள் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்தது. நான் பயந்து வெளியே உருண்டேன். அண்ணன் நிதானமாக அளவுநாடா பிடித்தார். நோட்டில் எழுதிய அளவு. மயிரிழை பிசகவில்லை.

கோபாலைப் பின்னால் ஏற்றிக் குதிக்கச் சொன்னோம். அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஒட்டுக்கடையிலிருந்து ஆள் வந்தது. ஜீப்பு அமுங்கி எழுந்து, அமுங்கி எழுந்து, அடங்கி நின்றது. நான்கு காலும் தரையில் நிற்க, கடைசி முறுக்கை நான் போட்டேன். "இனிமே பொட்டு வச்சிக்க," என்றார் அண்ணன். வைத்தேன். டிரசர் ஐயா வந்து என்ன பழுது என்று கேட்டபோது அண்ணன், "ரப்பரு கொஞ்சம் முறுக்கிக்கிட்டு இருந்துச்சு ஐயா, இப்ப சமாதானம்" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை. முன்னால் கோபாலும் டிரசர் ஐயாவும், பின்னால் மெத்தையில் உங்கள் அம்மா, அவர் கால்மாட்டில் நான். அண்ணன் ஒரு கோப்பிப் பையைக் கண்ணாடியில் மாட்டி அனுப்பினார். மரப்பாலம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கால்வாய் மேடு வந்தது. பை ஒரு முறை தலையாட்டிவிட்டு நின்றது. எனக்கு அந்தச் செம்மண் பாதையிலேயே இறங்கிக் கூத்தாடலாம் போல இருந்தது. திரும்பி உங்கள் அம்மாவைப் பார்த்தேன்.

கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சத்தமே இல்லை.

"சரசு." பதில் இல்லை. "சரசு!" பதில் இல்லை. முன் இருக்கைக்குப் பின்னால் இருந்த தடுப்புத் தகட்டை இரண்டு கையாலும் அறைந்தேன். "நிறுத்து! நிறுத்துடா கோபாலு!" கோபால் பிரேக்கை மிதித்தான். டிரசர் ஐயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்து கதவைத் திறந்தார்.

உங்கள் அம்மா ஒரு கண்ணைத் திறந்தார்.

"வந்திருச்சா?"

"இல்லம்மா," என்றார் டிரசர் ஐயா மூச்சு வாங்கிக்கொண்டு.

"அப்புறம் ஏன் நிறுத்துனீங்க? ரெண்டு வாரமா இப்பதான் கொஞ்சம் கண்ணசந்தேன்."

டிரசர் ஐயா என்னைப் பார்த்தார். பெட்டியை மூடினார். "மந்தினுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய் ஏறிக்கொண்டார். பாட்டி இடித்து வைத்த பத்தியச் சாமானை மூட்டை கட்டிக்கொண்டு நம் லயத்து வீட்டுக்கே வந்து சேர்ந்தார். அது தனிக் கதை.

இரண்டு வாரம் கழித்து, அதே ஜீப்பில் போய், கவிதா, நீ பிறந்தாய். புதன்கிழமை. நான் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றேன்.

இப்போது உன் காடிக்கு வருகிறேன். முதலில் டயரில் எவ்வளவு காற்று என்று பார். உனக்கு எங்கே உறைக்கிறது என்று எனக்குச் சொல். பல்லா, வயிறா, முதுகா. உனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் ஸ்பிரிங்கிலோ ரப்பரிலோ கை வைத்தாரா என்று கேள். வைத்திருந்தால், அந்த ஒர்க்‌ஷாப்காரரிடம் மரியாதையாக, சிரித்த முகத்தோடு, "அண்ணே, நாலு சக்கரமும் தரையில நிக்கும்போது எல்லா நட்டையும் ஒரு தடவ இளக்கிட்டு மறுபடி முறுக்கிக் காட்டுறீங்களா?" என்று கேள். கேட்கும்போது பக்கத்தில் நின்று பார். காடி பெருமூச்சு விட்டால் ஸ்பிரிங் வாங்க வேண்டாம். விடாவிட்டால் எனக்குக் கூப்பிடு, நான் பஸ் ஏறி வருகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் சவரிமுத்து அண்ணன் வந்தார். ஒரு கையில் தொட்டிலுக்கு மாட்டும் ஸ்பிரிங், புதுசு. மறு கையில் பை கோப்பி. ஸ்பிரிங்கை உத்திரத்தில் மாட்டி, சாரோங் துணி கட்டி, உன்னை விடுவதற்கு முன் கோப்பிப் பையைத் தொட்டிலுக்குள் வைத்து இழுத்துவிட்டார். பை ஒரே உதையாக எகிறி விழுந்தது.

"முதுகு," என்றார் வருத்தத்தோடு. "ஸ்பிரிங்கு கனமான புள்ளைக்குச் செஞ்சது. இவ பத்தாது. மூட்டை வேணும்."

பாட்டி அடுப்படியிலிருந்து ஒரு பையில் அரிசி கொண்டுவந்தார். பால் டின்னால் அளந்து அளந்து போட்டு, அந்தப் பையைத் தொட்டில் கொக்கியில், துணிக்கு வெளியே தொங்கவிட்டார் அண்ணன். இழுத்தார். தலையாட்டினார். இன்னும் ஒரு டின். இழுத்தார். இப்போது தொட்டில் மெத்தென்று இறங்கி மெத்தென்று ஏறியது. நான் முக்காலி மேல் ஏறி, உத்திரத்துக் கம்பியைக் குறடால் இறுக்க ஆரம்பித்தேன்.

கட்டிலில் உன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்கள் அம்மா, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்.

"ஏங்க, புள்ளய உள்ள போட்டுட்டு முறுக்குங்க. தொங்கவிட்டு முறுக்கி ஒரு ஜீப்பு பட்ட பாடு போதும்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் உத்திரத்தைப் பார்த்தார். "நான் வாயத் தொறக்கலப்பா" என்றார். கோபால்தான். புதன்கிழமை சாயங்காலமே லயம் முழுக்கச் சொல்லி முடித்திருக்கிறான். வெள்ளிக்கிழமை என் கையால் முறுக்கிய அந்த ஜீப்பில், எல்லாம் தெரிந்துதான் உங்கள் அம்மா ஏறிப் படுத்திருக்கிறார். படுத்ததோடு தூங்கியும் விட்டார்.

குறடைக் கீழே வைத்தேன். உன்னை வாங்கித் தொட்டிலில் விட்டேன். ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கி, உன் பாரத்தை எடைபோட்டு நின்றது. அப்புறம்தான் முறுக்கினேன். நீ வளர வளர உங்கள் அம்மா அந்தப் பையிலிருந்து ஒவ்வொரு டின் அரிசியாக எடுத்து உலையில் போட்டுக்கொண்டே வந்தார். ஐந்தாம் மாதம் பை காலி. அன்றைக்கு முதல் நீ ஒருத்தியே போதுமாக இருந்தாய்.